அனுபவம் ஆசான் அல்ல

கல்லூரி மேடைகளில் இப்போது அதிகம் அடிபடும் பழமொழி, ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.’ துணைவேந்தர் சொல்கிறார். சிறப்பு விருந்தினராக வந்த மனிதவள அதிகாரி சொல்கிறார். முதல்வர் வரவேற்புரையிலேயே சொல்லிவிடுகிறார். நம் மாணவர்கள் புத்தகப் புழுக்கள், அவர்களுக்கு அனுபவம் போதவில்லை, வகுப்பறையை விட்டு வெளியே அழைத்துப் போனால் தானாகக் கற்றுக்கொள்வார்கள் என்பது உயர்கல்வியின் சர்வமதப் பிரார்த்தனை ஆகிவிட்டது. தேசியக் கல்விக் கொள்கை 2020 இதைச் சொல்கிறது. அந்தக் கொள்கையை ஏற்காத தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் ஏறக்குறைய இதே கவலையில் பிறந்ததுதான். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகம் உள்ளுறைப் பயிற்சிக்குக் கிரெடிட் தருகிறது. நாக் குழு தரம் போட வரும்போது ‘அனுபவவழிக் கற்றல்’ நடக்கிறதா என்று தனியாகவே கேட்கிறது.

எதிரும் புதிருமாக நிற்பவர்கள் எல்லாரும் கைகோக்கும் ஒரு கருத்தை மறுப்பது அசட்டுத்தனமாகத் தெரியலாம். ஆனாலும் மறுத்தாக வேண்டியிருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சரி. பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்த சுரைக்காயும் உதவாதே!

அனுபவம் தானாக எதையும் கற்பிப்பதில்லை. பார்த்ததற்கும் எழுதியதற்கும், அந்த இடத்தில் வாழ்பவர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும் என்ற நிலை வரும்போதுதான் கற்றல் தொடங்குகிறது. அந்தப் பொறுப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அனுபவத்தை மட்டும் பொட்டலம் கட்டித் தருவதுதான் இன்று செயல்முறைக் கற்றல் என்ற பெயரில் பெரும்பாலும் நடக்கிறது. இதை நீலகிரியை வைத்தே பேசலாம். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் தங்கள் மாணவர்களை ‘அனுபவத்துக்கு’ அனுப்பும் முதல் முகவரி அதுதான்.

ஐவி என்னும் சடங்கு

தமிழ்நாட்டில் கல்லூரிப் படியேறிய யாருக்கும் ‘ஐவி’க்கு விளக்கம் தேவையில்லை. சுற்றறிக்கையில் தொழிலகப் பார்வை என்று இருக்கும், மனசில் ஊட்டி என்று இருக்கும். இரவுப் பேருந்தில் பாட்டும் ஆட்டமுமாக மேட்டுப்பாளையம் வந்து, விடியும்போது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப் பேர் தலைசுற்றிச் சாய்ந்திருக்க, வண்டி மலையேறுகிறது. காலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. தடுப்புக்கு இந்தப் பக்கம் வரிசை நகர்கிறது. நீண்ட தொட்டிகளில் கொழுந்து வாடுகிறது. சிடிசி உருளைகள் அதை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகின்றன. பச்சை செம்பழுப்பாகிறது. உலர்த்தியில் கருக்கிறது. சல்லடை தரம் பிரிக்கிறது. அரை மணி நேரத்தில் கதை முடிந்து, கையில் ஏலக்காய் டீ. வாங்கிப் போக ஒரு பாக்கெட். பிறகு பூங்கா, படகு, சாக்லேட், இரவில் கேம்ப் ஃபயர்.

ஊர் திரும்பியதும் ஒருவர் எழுதிய அறிக்கையை அறுபது பேர் படியெடுக்கிறார்கள். பேனரைப் பிடித்தபடி எல்லாரும் நின்று எடுத்த ஜியோடேக் படம் நாக் கோப்புக்குப் போகிறது. வேதியியல் துறையும் வணிகவியல் துறையும் மேலாண்மைத் துறையும் அதே வரிசையில் நின்று, அதே டீயைக் குடித்துவிட்டு, அதே படத்தை எடுத்துக்கொண்டு போகின்றன.

தொழிற்சாலைக்குள் அவர்கள் பார்த்தது எந்திரத்தை. பார்க்காதது கணக்கை. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பசுந்தேயிலை வேண்டும். அதைக் கொண்டுவந்து போடுபவர்களில் பெரும்பகுதியினர் ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிகள். தூள் குன்னூர் ஏலத்துக்குப் போகிறது. ஏல விலையில் தொழிற்சாலைக்கு எவ்வளவு, இலை போட்டவருக்கு எவ்வளவு என்பதற்கு ஒரு விலைப் பங்கீட்டுச் சூத்திரம் இருக்கிறது. அப்படிக் கிடைக்கும் விலை உற்பத்திச் செலவைக்கூடத் தொடவில்லை, குறைந்தபட்ச ஆதார விலை வேண்டும் என்று 2023 செப்டம்பரில் படுகர் ஊர்களில் விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த வாரங்களில் மலையேறிய எத்தனை வணிகவியல் வகுப்புகள் உண்ணாவிரதப் பந்தலுக்குள் நுழைந்து, ‘உங்கள் கணக்கைக் காட்டுங்கள்’ என்று கேட்டன?

கேட்டிருந்தால் அது முதல்தரமான பாடமாகியிருக்கும். பத்து விவசாயிகளிடம் ஓராண்டு ரசீதுகளை வாங்கி, எடை, ஈரத்துக்காகப் பிடித்த கழிவு, மாதாமாதம் மாறிய விலை, உரம், பறிகூலி, வண்டி வாடகை என்று வரி வரியாக எழுதிப் பார்க்கட்டும். செலவுக் கணக்கியல் என்ற தாளில் வருவது அத்தனையும் அதில் வந்துவிடும். கூடவே, எந்தத் தாளிலும் வராத ஒன்றும் வரும். மாணவர் ஓர் எண்ணைத் தப்பாக எழுதினால் விவசாயி அங்கேயே பிடித்துவிடுவார். பேராசிரியரை ஏமாற்றலாம். தன் இலைக்குத் தானே விலை பார்த்தவரை ஏமாற்ற முடியாது.

இதில் இன்னொரு முரணும் உண்டு. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்ற கேள்வி நீதிமன்றத்தில் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல், சீசன் மாதங்களில், வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று நீலகிரிக்கு வரம்பும் வந்தது. தாங்குதிறனை ஆராயும் வேலை சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போயிருக்கிறது. புள்ளியியல், புவியியல், பொருளாதாரம், சுற்றுலாவியல் படிக்கும் எந்த மாணவருக்கும் இதைவிட உயிருள்ள செயல்திட்டம் கிடைக்காது. கல்லாறு சோதனைச் சாவடியில் ஒரு மாதம் உட்கார்ந்து எண்ணினாலே போதும், பாதிப் பாடம் நடந்துவிடும். நம் கல்லூரிகளோ அந்த எண்ணிக்கையில் ஒரு பேருந்தாகச் சேர்ந்துகொள்வதோடு நின்றுவிடுகின்றன.

அனுபவம் யாரிடம் இல்லை?

‘மாணவர்களுக்கு அனுபவம் போதவில்லை’ என்ற வாக்கியத்தில் வரும் அந்த மாணவர் யார்? ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலோ குன்னூரில் ஒரு கல்லூரியிலோ படிக்கும் எஸ்டேட் தொழிலாளியின் மகள் நிச்சயம் இல்லை. அட்டை கடித்த காலும், மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் படுதாவும், எடை போடும் இடத்தில் தராசு முள்ளின் மேல் அம்மா வைக்கும் கண்ணும் அவருக்குத் தெரியும். தோட்டத்துக்குள் கரடி வந்தால் எந்தப் பக்கம் விலக வேண்டும் என்பதும் தெரியும். அவருக்கு அனுபவம் வேண்டிய மட்டும் இருக்கிறது. அதிலிருந்து வெளியேறத்தான் கல்லூரிக்கு வந்திருக்கிறார். அவரைக் கூட்டிப் போய், கூடையை முதுகில் மாட்டி, ‘கொழுந்து பறிக்கும் அனுபவம்’ என்று படம் எடுத்தால் அது கல்வியா, கேலியா?

இங்கே தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு பழைய காயம் இருக்கிறது. 1953இல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. குலக்கல்வி என்று தமிழ்நாடு அதைத் திருப்பி அடித்தது. காமராஜர் பொறுப்பேற்ற 1954இல் திட்டம் கைவிடப்பட்டது. கையால் செய்து கற்பது என்றாலே இங்கே ஒரு சந்தேகம் எழுவது இதனால்தான். அந்தச் சந்தேகம் நியாயமானது, இன்றும் தேவையானது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு உழைப்பு ஒரு வார அனுபவம், ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அதுவே தலையெழுத்து என்றால், செயல்முறைக் கற்றல் சாதியின் இன்னொரு பெயராகிவிடும்.

இதற்கு விடை, களத்தை விட்டு ஓடி ஏட்டுக்குள் ஒளிந்துகொள்வதும் இல்லை. எஸ்டேட் மகளுக்குக் கல்லூரி தர வேண்டியது கேள்வி கேட்கும் கருவிகளை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் அவருடைய தாத்தாவையும் பாட்டியையும் இலங்கையிலிருந்து இந்த மலைக்குக் கொண்டுவந்திருக்கலாம். அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் 1976இல் டான்டீ என்ற நிறுவனமானது. அதன் லயன் வீடுகளில் வளர்ந்த பெண் வரலாறு படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊட்டியை உருவாக்கிய ஜான் சல்லிவனைப் பற்றி அவர் எந்தப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். தன் பாட்டி எந்தக் கப்பலில் வந்தார், கையில் என்ன காகிதம் இருந்தது, இறங்கிய இடத்தில் என்ன சொன்னார்கள் என்பதை அவர்தான் எழுத வேண்டும். எழுதியதைப் பாட்டியிடமே வாசித்துக் காட்ட வேண்டும். ‘இப்படி இல்லையடி’ என்று பாட்டி நிறுத்தும் இடம்தான் அவருடைய வாய்மொழி வரலாற்றுத் தாளின் உண்மையான தேர்வு.

அனுபவம் போதவில்லை என்பவர்கள் அடிக்கடி கல்வியியல் அறிஞர் ஜான் டூயியின் பெயரைச் சொல்வார்கள். ‘அனுபவமும் கல்வியும்’ என்ற நூலை அவர் 1938இல் எழுதியதே, அனுபவம் எல்லாம் கல்வியாகிவிடாது, சில அனுபவங்கள் கற்றலைக் கெடுக்கவும் செய்யும் என்று தன் ஆதரவாளர்களையே எச்சரிப்பதற்காக. நசுங்கிய இலை ஏன் சிவக்கிறது என்பதற்குரிய வேதியியல் தெரியாதவர், தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றாலும் நிறம் மாறியதைத்தான் பார்ப்பார். களத்துக்கு ஏடு வேண்டும். ஏட்டை எடுத்துப்போகாத மாணவர் களத்திலிருந்து வெறுங்கையோடுதான் திரும்புவார்.

மலை கொடுத்தது, மலைக்கு வராதது

நீலகிரி இன்று நேற்றுப் ‘பரிசோதனைக் கூடம்’ ஆனதில்லை. தமிழ்நாட்டின் அழிவாய்ப்பு மிகுந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களும் இந்த மாவட்டத்தில் வாழ்கின்றன. உலகப் பல்கலைக்கழகங்கள் நூறாண்டுக்கும் மேலாக இங்கே வந்து கற்றிருக்கின்றன. மானிடவியலாளர் ரிவர்ஸ் தோடர்களைப் பற்றி எழுதிய நூல் 1906இல் வெளியானது. மானிடவியல் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

1930களின் பிற்பகுதியில் மொழியியலாளர் எமனோவும் மானிடவியலாளர் மெண்டல்பாமும் கோத்தர்களிடம் வந்தார்கள். இருவருக்கும் ஒரே ஆசிரியர்: சுள்ளி என்ற கோத்தர். பள்ளி ஆசிரியர், ஆங்கிலம் அறிந்தவர், தன் சமூகத்தின் பழக்கங்களை மாற்றப் போராடியவர். எமனோ 1944க்கும் 1946க்கும் இடையில் கோத்தர் மொழிக் கதைகளைப் பல பகுதிகளாக வெளியிட்டார். அவற்றில் பெரும்பகுதி சுள்ளி சொல்லச் சொல்ல எழுதியவை. திராவிட மொழியியலின் அடித்தளத்தில் அந்த மனிதரின் குரல் இருக்கிறது. கல்வி உலகம் அவருக்கு வைத்த பெயர் ‘தகவலாளி’. வந்தவர் அறிஞர், சொல்லிக்கொடுத்தவர் தகவலாளி. இந்த ஏற்பாடு இன்னும் மாறவில்லை. இப்போது வந்தவர் மாணவர், அவ்வளவுதான்.

இதைவிடக் கனமான கதை ஒன்றும் உண்டு. 1952இல் ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடி மக்களின் இரத்தத்தில் அரிவாள் செல் கூறு இருப்பதைக் கண்டறிந்து பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். இந்தியாவில் அரிவாள் செல் பற்றிய ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. நல்ல அறிவியல், சந்தேகமில்லை. ஆனால் ஒன்றிய அரசு அரிவாள் செல் இரத்தசோகையை ஒழிக்கத் தேசிய இயக்கம் தொடங்கியது 2023 ஜூலையில். இரண்டுக்கும் நடுவே எழுபத்தொரு ஆண்டுகள். அந்த இடைவெளியில் இந்தப் பகுதியில் வேலை செய்தவர்கள் யார்? 1958இல் கோத்தகிரியில் டாக்டர் நரசிம்மன் தொடங்கிய நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கம். கூடலூரில் 1990 முதல் இயங்கும் ஆதிவாசி மருத்துவமனை. ஆதிவாசிப் பெண்களையே செவிலியர்களாகப் பயிற்றியெடுத்த மருத்துவமனை அது. கண்டுபிடிப்பு இதழுக்குப் போனது, நோய் குடிசையிலேயே இருந்தது.

இரத்தம் எடுக்கப்பட்டவருக்கு, ‘அதில் என்ன கண்டீர்கள்? எங்களுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?’ என்று கேட்கும் உரிமை இருந்திருந்தால் இந்த எழுபத்தொரு ஆண்டு இவ்வளவு நீண்டிருக்குமா? நம் மாணவர்களை அனுப்பும் களப்பணியும் இதே அச்சில்தான் வார்க்கப்படுகிறது. வினாத்தாளோடு போகிறார்கள், நிரப்புகிறார்கள், திரும்புகிறார்கள். கேள்வியும் அவர்களுடையது, விடையும் அவர்களுடையது. நடுவில் ஒரு மனிதர் அரைநாள் கூலியை விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறார்.

கோத்தகிரியில் ஒரு வேறு ஏற்பாடு

மாற்று இல்லாமல் பேசவில்லை. தேன் எடுப்பவர்களைப் பற்றிய ஆய்வில் தொடங்கி, முப்பது ஆண்டுகளாக நீலகிரி உயிர்க்கோளப் பகுதியில் வேலை செய்யும் கீஸ்டோன் அறக்கட்டளை கோத்தகிரியில் இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அது 2015இல் ஒரு களக் கற்றல் மையத்தைத் தொடங்கியது. ஒரு பருவம், ஏறத்தாழ பதினைந்து வாரம். கார்னெலிலிருந்து பல துறை மாணவர்கள், இங்கிருந்து பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்த இளைஞர்கள், ஏறத்தாழச் சம எண்ணிக்கையில். நகரத் திட்டமிடல், ஊட்டச்சத்து, மானிடவியல் என்று வெவ்வேறு துறைப் பேராசிரியர்களும் கீஸ்டோன் களப்பணியாளர்களும் சேர்ந்து பாடம் நடத்துகிறார்கள். முதல் பாதி வகுப்பு, மறு பாதி ஊர்களில் ஆய்வு. உணவு, உடல்நலம், தண்ணீர், குப்பை, காடு என்று அந்த ஊர்களுக்கு உண்மையில் இருக்கும் பிரச்சினைகள். வெளிநாட்டு மாணவரும் உள்ளூர் இளைஞரும் இணைந்தே கேள்வியை அமைக்கிறார்கள், இணைந்தே ஊருக்குள் போகிறார்கள்.

இங்கே என் கவனம் கார்னெலின் பெயரில் இல்லை, ஏற்பாட்டில். உள்ளூர் இளைஞர் தகவலாளியாக உட்காராமல் சக மாணவராக உட்காருகிறார். அந்த ஒரு நாற்காலி மாற்றம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. அபத்தமான கேள்வியைக் கேட்க விடாமல் பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறார். பதினைந்து வாரம் தங்குவதால், முதல் வாரத்தில் எழுதியது தப்பு என்று ஏழாவது வாரத்தில் தெரிந்துகொள்ள நேரம் இருக்கிறது. மூன்று நாள் பயணத்தில் தப்பு தெரியவே தெரியாது.

‘அது அமெரிக்கப் பணம், நமக்குக் கட்டுப்படியாகாது’ என்பார்கள். பணம் இருப்பது உண்மை. வந்தவருக்குக் கடவுச்சீட்டு இருக்கிறது, இருப்பவருக்குப் பேருந்துக் கட்டணமே பாரம் என்ற ஏற்றத்தாழ்வும் அங்கே இல்லாமல் போகாது. ஆனால் அந்தக் குறையைக் கார்னெலிடம் கேட்பதற்கு முன் நம்மிடமே கேட்க வேண்டும். நீலகிரி இளைஞர் அந்த மையத்தில் செய்த பதினைந்து வார வேலையை எந்தத் தமிழகப் பல்கலைக்கழகம் தன் பட்டத்தில் கிரெடிட்டாகச் சேர்த்துக்கொள்ளும்? மேலும், இந்த ஏற்பாடு நமக்கு இறக்குமதிச் சரக்கும் இல்லை. 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்தில் பல துறை மாணவர்கள் கிராமத்தில் சேர்ந்து தங்குவது பழைய வழக்கம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தன் மாணவர்களை முதலாண்டிலேயே கிராமத்துக்கு அனுப்பித் தங்கவைக்கிறது. நம் வீட்டில் இருப்பதை நாம்தான் பரணில் போட்டுவிட்டோம்.

மற்ற இடங்களில் நடப்பதோ தலைகீழ். வேளாண் மாணவர்கள் இறுதியாண்டில் கிராமத்தில் தங்குவது அருமையான விதி. செய்தித்தாளில் அது எப்படி வருகிறது? ‘மாணவிகள் விவசாயிகளுக்குச் செயல்விளக்கம் அளித்தனர்.’ இருபத்தொரு வயதுப் பெண், நாற்பது ஆண்டு மண்ணில் நின்றவருக்கு மண்ணைப் பற்றி விளக்கம் அளிக்கிறார். யார் யாரிடம் கற்க வந்தார்கள்? 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டமும் ஏழு நாள் முகாமில் ஊரைத் திருத்தப் போகிறது, போன ஆண்டு மரம் நட்ட அதே குழியில் இந்த ஆண்டும் நடுகிறது. சேவை செய்யப் போகிறவர் கற்பது குறைவு. கற்பதற்குக் கொஞ்சம் கடன்பட்டவராகப் போக வேண்டும்.

ஒரு சரிவு, ஆறு துறைகள்

‘பொறியியலுக்கும் வேளாண்மைக்கும் மருத்துவத்துக்கும் களம் சரி, தமிழ் படிப்பவருக்கும் வணிகவியல் படிப்பவருக்கும் எதற்கு?’ என்பது அடுத்த வாதம். துறைக்கு ஒரு களம், களத்துக்கு ஒரு துறை என்ற இந்தப் பாகப்பிரிவினையை மலை ஏற்காது.

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டம் முழுவதும் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பேரிடர் அபாயம் உள்ள பகுதிகள் என்று 283 இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் ஏதாவது ஒரு சரிவை எடுத்துக்கொள்வோம். மண்ணின் ஆழத்தையும் சாய்வையும் புவியியல் மாணவர் அளப்பார். தடுப்புச்சுவரில் தண்ணீர் வெளியேறத் துளை விட்டிருக்கிறார்களா என்று கட்டடப் பொறியியல் மாணவர் பார்ப்பார். மேலே எழும்பிய கட்டடம் மலைப்பகுதி விதிகளுக்கு உட்பட்டதா என்று சட்ட மாணவர் கோப்பைக் கேட்பார். கேரட்டும் உருளையும் போட்ட நிலம் ஏன் தங்கும் விடுதியானது என்று பொருளாதார மாணவர் கணக்குப் போடுவார். இரவில் மழை பெய்தால் யாருக்குத் தூக்கம் போகிறது, அது உடம்பை என்ன செய்கிறது என்று மருத்துவ மாணவர் கேட்பார். இந்த வழியாக முன்பு ஓர் ஓடை போனது, அதை மூடித்தான் பாதை போட்டார்கள் என்ற செய்தியோ எந்த வரைபடத்திலும் இருக்காது. அது ஊர்ப் பெரியவர் ஒருவரின் பேச்சுக்கு நடுவே, ஓர் இடப்பெயருக்குள் இருக்கும். அதைக் காது கொடுத்துக் கேட்டு, பிழையில்லாமல் எழுதி எடுப்பது இலக்கியமும் மொழியும் படித்தவரின் வேலை. அந்த ஓடை தெரியாமல் மற்ற ஐந்து பேரின் அறிக்கையும் முழுமை பெறாது.

இந்தத் துறைகளில் பெரும்பாலானவை மலை மேலேயே இருக்கின்றன. அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. மருந்தியல் கல்லூரி, கட்டடக்கலைக் கல்லூரி, பாலிடெக்னிக் இருக்கின்றன. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் சில குடும்பங்களைப் படிப்புக் காலம் நெடுகத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் விதியே வைத்திருக்கிறது. ஒரே சரிவுக்கு இவர்கள் சேர்ந்து போவதைத் தடுப்பது எது? பல்கலைக்கழகங்கள் வேறு, கால அட்டவணை வேறு, தேர்வு வேறு. அதாவது, தடுப்பது காகிதம்.

‘நடைமுறைக்கு ஒத்துவராது’

அறுபது மாணவருக்கு ஓர் ஆசிரியர், பருவத் தேர்வு தலைக்கு மேல், பெண் பிள்ளைகளை வெளியூரில் தங்கவைக்கப் பெற்றோர் சம்மதிக்க மாட்டார்கள் என்று பேராசிரியர்கள் சொல்வது வெறும் சாக்கு இல்லை. மணிக்கணக்குச் சம்பளத்தில் ஓடும் கௌரவ விரிவுரையாளரிடம் ‘ஊரில் போய்த் தங்குங்கள்’ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் இந்தத் தடைகள் எல்லாம் தொலைதூரப் பயணத்துக்குத்தான் தடை. உள்ளூர்க் களத்துக்கு இல்லை. திருப்பூர்க் கல்லூரிக்கு நொய்யல் இருக்கிறது. சாயப்பட்டறைகளை மூட 2011இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட ஆறு அது. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் தோல் ஆலைகளும் பாலாறும் இருக்கின்றன. காலையில் நகரப் பேருந்தில் போய் மாலையில் வீடு திரும்பலாம், ஒரு பருவம் முழுக்கப் போகலாம். ஐவிக்கு மாணவர் கையிலிருந்து கட்டும் பணத்தில் பாதிகூட ஆகாது. ஊட்டியின் களத்தை ஊட்டியில் படிப்பவருக்கு விட்டுவிடலாம்.

கடைசி ஆட்சேபணைதான் உண்மையான ஆட்சேபணை. செயல்திட்ட மதிப்பெண்ணில் ஒரு பகுதியைக் களத்தில் இருப்பவர்கள் போட வேண்டும் என்று நான் சொல்கிறேன். அறிக்கை தமிழில் எழுதப்பட வேண்டும், அந்த ஊரிலேயே வாசிக்கப்பட வேண்டும், ஊர் ‘இது தப்பு’ என்றால் மாணவர் திருத்தி எழுத வேண்டும். முந்தைய ஆண்டு மாணவர் விட்ட இடத்திலிருந்து அடுத்த ஆண்டு மாணவர் தொடர வேண்டும். இதைச் சொன்னவுடன் எழும் கேள்வி: ‘படிக்காதவர் எப்படிப் பட்டப்படிப்புக்கு மதிப்பெண் போடுவார்?’

இப்போது யார் போடுகிறார்கள்? வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், ஒரு மாணவருக்குச் சில நிமிடம் ஒதுக்கி, கெட்டி அட்டை போட்ட அறிக்கையைப் பத்துப் பக்கம் புரட்டி, இரண்டு கேள்வி கேட்டுப் போடுகிறார். அந்தச் சரிவையோ அந்தத் தோட்டத்தையோ அவர் பார்த்ததில்லை. தேன்கூடுகளின் எண்ணிக்கை சரியா என்று குறும்பருக்குத் தெரியும். பறிகூலிக் கணக்கு சரியா என்று பறிப்பவருக்குத் தெரியும். குழந்தைக்கு என்ன ஊட்டினாள் என்பது தாய்க்குத் தெரியும். ஆய்வுமுறையையும் கோட்பாட்டையும் பேராசிரியர் மதிப்பிடட்டும். உண்மையை, உண்மை தெரிந்தவர் மதிப்பிடட்டும். சுள்ளியிடம் கற்றவருக்கு, கற்றது சரிதானா என்று சொல்லும் தகுதி சுள்ளியைத் தவிர வேறு யாருக்கு இருந்தது?

இதனால் சில மாணவர்கள் தோற்பார்கள். தோற்கட்டும். தோற்கவே முடியாத செயல்திட்டத்தால் யாரும் எதையும் கற்றதில்லை. எல்லாரும் தொண்ணூறுக்கு மேல் வாங்கும் ஒரே தாள் ‘புராஜெக்ட்’ என்பது எல்லாக் கல்லூரியிலும் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். அந்த ரகசியத்தைப் பாதுகாத்துக்கொண்டே அனுபவத்தின் பெருமையைப் பேசுவது பாசாங்கு.

ஆகவே பல்கலைக்கழகங்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். களத்தில் வாழ்பவருக்குக் கேள்வியில் பங்கும் மதிப்பெண்ணில் பங்கும் கொடுத்துவிட்டு, அதற்குக் கிரெடிட் போடட்டும். அதற்கு மனமில்லையென்றால் தாராளமாகப் பேருந்தை அனுப்பட்டும். முதன்முறையாக மலையைப் பார்க்கும் பிள்ளைகள் பாடிக்கொண்டே வரட்டும், டீ குடிக்கட்டும், படகு விடட்டும். அதில் ஒரு குறையும் இல்லை. அந்த மூன்று நாளைச் சுற்றுலா என்றே எழுதிவிட்டு, மதிப்பெண் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் போதும்.